ஆறு நிமிடத் தட்டில் அடங்காத தோடி: யார் இந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளை?

பீட்டில்ஸ் ரசிகர் யாரையாவது பிடித்து, 2009-ல் வந்த ரீமாஸ்டர் தொகுப்பு நல்லா இருக்கா, பழைய எல்.பி. தட்டு நல்லா இருக்கான்னு கேட்டுப் பாருங்கள். அன்றைய சாயங்காலம் அதிலேயே போய்விடும். சுத்தம் செய்த ஒலியில் உயிர் போய்விட்டது என்பார் ஒருவர். இத்தனை நாள் கேட்காத பேஸ் கிட்டார் இப்போதுதான் கேட்கிறது என்பார் இன்னொருவர்.

காவிரி டெல்டாவிலும் இதே சண்டை உண்டு. இங்கே பேண்ட் கிடையாது, கிட்டார் கிடையாது. ஒரு நாகஸ்வரம், ஒரு ராகம், நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய ஒரு பழைய தட்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்தில் அறுபது, எழுபது வயது ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்து இந்தப் பெயர் வந்துவிட்டால், எந்தப் பதிப்பு, என்ன சுருதி, தட்டு சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் அவர் இறந்து 70 வருடம் ஆகப்போகிறது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் பெயரில் ஒரு கலையரங்கம் இருக்கிறது. அந்த வழியாக தினமும் ஆபீஸ் போகிறவர்களில் எத்தனை பேருக்கு ஆளைத் தெரியும் என்பது வேறு விஷயம்.

(நாகஸ்வரமா, நாதஸ்வரமா? இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் நாகஸ்வரம் என்கிறார்கள். இந்தக் கட்டுரையும் அப்படியே.)

நெல்லும் நாகஸ்வரமும்

1898 ஆகஸ்ட் 27-ல் திருமருகலில் பிறந்தவர். இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். அப்பா குப்புசாமி பிள்ளை, அம்மா கோவிந்தம்மாள். பிறந்தபோது வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். வளர்த்தது தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை. ‘டி.என்.’ என்ற முன்னெழுத்துகளே திருமருகல் நடேசன்தான். மாமா பெயரைத்தான் கடைசிவரை சுமந்தார்.

நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகஸ்வர வித்வான். இந்த ஆதீன விஷயம் கொஞ்சம் புரிந்தால்தான் மீதிக் கதை புரியும். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே காவிரிக் கரையில் இருக்கும் பழைய சைவ மடம் அது. டெல்டாவில் பெரும் நிலம் அதன் கையில் இருந்தது. குறுவை, சம்பா, தாளடி என்று வயல் கொடுத்த நெல் கோயிலுக்கும் மடத்துக்கும் போனது. அங்கிருந்து ஒரு பங்கு ஓதுவாருக்கும் மேளக்காரருக்கும் வந்தது. அறுவடை முடிந்து தை பிறந்தால் மிராசுதார் வீட்டுக் கல்யாணங்கள் ஆரம்பிக்கும். பெரிய மேளம் வைக்காத கல்யாணம் கௌரவக் குறைச்சல். சங்கீதம் தஞ்சாவூர் சீமையில் இவ்வளவு செழித்ததற்குப் பின்னால் ஒரு சாதாரண காரணம் உண்டு: அதற்குப் படியளக்க இங்கே நெல் இருந்தது.

பையனை எடுத்த எடுப்பில் நாகஸ்வரத்தில் உட்கார வைக்கவில்லை. ஆதீனகர்த்தர் அம்பலவாண தேசிகர் ஏற்பாட்டில், திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயரிடம் பாட்டு கற்றுக்கொண்டான். கிருஷ்ண ஐயர் அந்தக் காலத்தின் மிகப்பெரிய வயலின் வித்வான். பிற்காலத்தில் புகழ்பெற்ற பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயருக்குத் தாய்மாமன். அப்புறம்தான் மார்க்கண்டேயம் பிள்ளை, அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை போன்றவர்களிடம் நாகஸ்வரம்.

முதலில் பாட்டு, அப்புறம் வாத்தியம். இந்த வரிசை முக்கியம். நாகஸ்வரத்தில் சாவி கிடையாது, கம்பி கிடையாது. துளையை முழுசாக மூடலாம், பாதி மூடலாம். சீவாளியை உதட்டால் அழுத்தலாம், தளர்த்தலாம். மூச்சைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்வரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வாத்தியம் சொல்லாது, வாசிப்பவரின் காதுதான் சொல்ல வேண்டும். டி.என்.ஆரின் காது பாட்டுக்காரரின் காது. அவர் மேடையில் வாய்ப்பாட்டுக் கச்சேரியே செய்யக்கூடியவர். வாத்தியம் பாடுகிறது என்று சும்மா உபசாரத்துக்குச் சொல்வோமே, இவர் விஷயத்தில் அது நேரடி அர்த்தத்தில் உண்மை.

தோடியில் அப்படி என்ன?

சங்கீதம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தோடி கர்நாடக சங்கீதத்தின் மேளகர்த்தா வரிசையில் எட்டாவது. அதன் ஸ்வரங்கள் பல, கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திக் காட்ட முடியாத மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். குறிப்பாக காந்தாரம். அது ஓர் இடத்தில் நிற்காது, இரண்டு இடத்துக்கு நடுவே ஊஞ்சலாடும். அந்த ஆட்டம் ஒரு நூல் கூடினாலோ குறைந்தாலோ தோடி போய் வேறெதுவோ வந்துவிடும். பாடகருக்கே கஷ்டமான விஷயம். எட்டு துளை மூங்கில் புல்லாங்குழலைவிட பல மடங்கு காற்று கேட்கும் வாத்தியத்தில் இதைச் செய்வது இன்னும் கஷ்டம்.

அவர் அதை மணிக்கணக்கில் செய்தார். டெல்டா கோயில் திருவிழா எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி சுவாமி புறப்பாடு. மல்லாரி முடிந்து நான்கு வீதியும் சுற்ற வேண்டும். முச்சந்தியில் சுவாமி நிற்கும், மேளம் நிற்கும், கூட்டம் நிற்கும். அங்கே ஆரம்பிக்கும் ராக ஆலாபனைக்கு நேரக் கணக்கு கிடையாது. அடுத்த வீதிக்குப் போக விடிந்தாலும் கேட்கிறவர்கள் கவலைப்பட மாட்டார்கள். காலையில் ஏர் ஓட்டப் போக வேண்டியவர்தான் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர்.

தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாதிரி ஆட்கள். தவிலுக்கென்று தனி ரசிகர் கூட்டம் இருந்த காலம் அது. இன்று டிரம்மருக்கென்று ரசிகர்கள் இருப்பதுபோல.

தோளில் துண்டு போடலாமா?

இவ்வளவு கொண்டாடினார்களே, மரியாதையாக நடத்தினார்களா? இல்லை. கதையின் கசப்பான பகுதி இதுதான்.

நாகஸ்வரம், தவில், சதிர் ஆட்டம் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த சமூகத்துக்கு இசை வேளாளர் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததே 20-ம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் வெறும் மேளக்காரர். வித்வான் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். மேலே சட்டை கூடாது. துண்டு தோளில் கிடக்கக் கூடாது, இடுப்பில் கட்ட வேண்டும். அதே ஊரில் அதே தோடியைப் பாடிய பாடகருக்கு ஜமுக்காளம் விரித்து, மேடை போட்டு, தம்புரா வைத்து உட்கார வைத்தார்கள்.

சுயமரியாதை இயக்க வரலாற்றில் அடிக்கடி எழுதப்படும் ஒரு சம்பவம் உண்டு. செட்டிநாட்டுப் பகுதியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாகஸ்வரம் வாசித்துக்கொண்டு போகிறார். வியர்வை துடைக்கும் துண்டு தோளில் கிடக்கிறது. அதை எடுக்கச் சொல்லி ஆட்சேபம் கிளம்புகிறது. கூட்டத்தில் இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்காதே, அப்படியே வாசி என்று நின்றுவிட்டார். ஒரு முழத் துண்டுக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்து.

டி.என்.ஆர் கட்சி மேடை ஏறிப் பேசவில்லை. தன் உடம்பிலேயே பதில் சொன்னார். குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்தார். பட்டு ஜிப்பா, ஷெர்வானி, காலில் ஷூ, காதில் வைரக் கடுக்கன். இன்று பார்த்தால் ஆடம்பரமாகத் தெரியலாம். சட்டை போடக் கூடாது என்று சொன்ன சபை நடுவில் ஷெர்வானியோடு போய் நிற்பதை வெறும் ஃபேஷன் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம். ராக் ஸ்டார் என்ற வார்த்தையை இப்போது எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறோம். இவருக்கு அது நிஜமாகவே பொருந்தும்: தாமதம், பிடிவாதம், வராமல் போவது, வந்தால் ஊரையே கட்டிப்போடுவது எல்லாம் உட்பட.

உட்கார்ந்து வாசிக்க மேடை கேட்டார். பாடகருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையைக் கேட்டார். கூடவே ஓயாமல் ஒலிக்கும் ஒத்து என்ற துணைக்குழலை விட்டுவிட்டு, கச்சேரி வித்வான்கள் போல சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டார்.

நரசிங்கம்பேட்டையில் நடந்த மாற்றம்

இங்கேதான் கதை மரத்துக்கும் துளைக்கும் வருகிறது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையின் மையமாகத் தெரிகிறது.

அந்தக் காலத்தில் வாசித்தது திமிரி நாகஸ்வரம். குட்டையானது, சுருதி மேலே நிற்கும். நாலு வீதிக்கும் கேட்க வேண்டும், மைக் கிடையாது, அதற்கேற்ற வாத்தியம். ஆனால் ஒரு குறை. சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் அதில் துளையைத் திறந்தால் சுத்தமாக வராது, கொஞ்சம் மேலே தள்ளி நிற்கும். வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அமுக்கிக் கீழே கொண்டுவர வேண்டும். தோடியில் வருவது அதே சுத்த மத்யமம்தான். நாலு மணி நேரம் வாசித்தால் நாலு மணி நேரமும் வாத்தியத்தோடு மல்லுக்கட்டு.

திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை இருக்கிறது. நாகஸ்வரம் செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி. வாசிக்கிறவரும் செய்கிறவரும் அடுத்தடுத்த ஊர். இவர் குறை சொல்ல, அவர் மறுபடி கடைய, இவர் ஊதிப் பார்க்க, அவர் துளையை நகர்த்த என்று வேலை நடந்தது. நகர்த்துவது என்றால் பேனாவால் அழித்து எழுதுவது மாதிரி இல்லை. ஒரு துளை தப்பினால் அந்தக் கட்டையே விறகு. ஆச்சா மரத்தைக் கடைந்து, உள்ளே நீளக் குடைந்து, ஏழு வாசிப்புத் துளைகளையும் அதற்குக் கீழே சுருதியைச் சரிசெய்யும் ஐந்து துளைகளையும் போட வேண்டும்.

முடிவில் வந்ததுதான் இன்று எல்லாரும் வாசிக்கும் பாரி நாகஸ்வரம். நீளம் அதிகம், சுருதி கீழே: இரண்டு, இரண்டரை கட்டை. சுத்த மத்யமம் துளையைத் திறந்தால் அதன் இடத்தில் வந்து நிற்கும்.

சுருதி இறங்கியதால் என்ன ஆனது? வீதியில் அலறிய வாத்தியம் ஹாலுக்குள் உட்கார்ந்து பேச முடிந்தது. பாடகரின் குரல் போகிற இடத்துக்கு அதுவும் வந்தது. சட்டை, மேடை, சுருதிப் பெட்டி எல்லாம் வெளியில் தெரிந்த சண்டை. அதே சண்டையை மரத்துக்கு உள்ளேயும் நடத்தியிருக்கிறார்கள், ஒரு வித்வானும் ஓர் ஆசாரியும்.

இதில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். திமிரியின் அந்தக் கூர்மையான வெளிச்சம் இன்று கேட்கக் கிடைப்பது அபூர்வம்.

சரி, அந்தத் தட்டு?

78 சுற்றுத் தட்டை நம்மூரில் பிளேட்டு என்பார்கள். முக்கியமான சரக்கு அரக்கு, அதாவது மரத்தில் பூச்சி கட்டும் அதே அரக்கு. ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம். இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஆறு, ஏழு நிமிடம். அவ்வளவுதான். முச்சந்தியில் நாலு மணி நேரம் நின்ற மனிதரிடம், ஊசி உள்வட்டத்தைத் தொடுவதற்குள் முடித்துவிடுங்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்?

பலரும் திணறிப்போன இடம் அது. பாட்டை வேகமாக ஓட்டி, சுருக்கி, மூச்சிரைக்க முடித்த தட்டுகள் ஏராளம். டி.என்.ஆர் தோடியை அவசரப்படுத்தவில்லை. நிதானமாக எடுத்து, மேலே போய், அந்த மின்னல் பிருகாக்களை இறக்கி, நாலு மணி நேரக் கச்சேரியின் வாசனையை அந்தச் சின்ன இடத்துக்குள் வைத்தார். அது ஊர் ஊராகப் போனது. கிராமபோன் வைத்திருந்த வீட்டுத் திண்ணை, டீக்கடை, கல்யாண வீட்டு மைக் செட் என்று எங்கும் ஒலித்தது. கடல் தாண்டி இலங்கைக்கும் போனது. கோயில் வாசலில் அவர் வாசிப்பதைத் தள்ளி நின்று மட்டுமே கேட்க முடிந்தவர்களும் அவரைப் பக்கத்தில் வைத்துக் கேட்டது இந்தத் தட்டுகளில்தான். பிளேட்டு யார் வீட்டில் ஓடலாம் என்று யாரும் சட்டம் போட முடியாதே.

இப்போது ரீமாஸ்டர் சண்டைக்கு வருவோம். இரண்டு விஷயத்தில் ரசிகர்கள் மோதிக்கொள்கிறார்கள்.

முதலாவது வேகம். பேர்தான் 78. பதிவு செய்த மெஷின் உண்மையில் 76-ல் ஓடியதா, 80-ல் ஓடியதா என்பது தட்டுக்குத் தட்டு மாறும். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். இரண்டு கட்டையில் வாசித்தது இரண்டரையாகக் கேட்கும். சினிமாப் பாட்டுக்கு இது பெரிய விஷயம் இல்லை. இவருக்கு ரொம்பப் பெரிய விஷயம். என்ன வகை நாகஸ்வரம், எந்தக் காலத்து வாசிப்பு என்று ஊகிக்க சுருதிதான் துப்பு. டிஜிட்டலுக்கு மாற்றியவர் வேகத்தைக் கவனிக்காமல் விட்டால், ஓர் ஆசாரி உயிரைக் கொடுத்து இறக்கிய சுருதியை கம்ப்யூட்டர் ஒரு நொடியில் ஏற்றிவிடுகிறது. பிருகாக்களும் நிஜத்தைவிட வேகமாகக் கேட்கும். கேட்கிறவர் அப்பா என்ன வேகம் என்று வியப்பார். அதில் கொஞ்சம் மோட்டாரின் வேகம்.

இரண்டாவது கரகரப்பு. தட்டின் இரைச்சலும் நாகஸ்வரத்தின் மேல் நாதமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கின்றன. மழைச் சத்தம் மாதிரி கேட்கும் அந்த இரைச்சலை மென்பொருளால் வழித்து எடுத்தால், சீவாளியின் உறுமல், மூச்சு எடுக்கும் சத்தம், துளையில் விரல் படும் கூர்மை எல்லாம் கூடவே போய்விடும். மிஞ்சுவது வழவழவென்று, எங்கோ தூரத்தில் ஷெனாய் வாசிப்பது போன்ற ஒரு ஒலி. லேசாகச் சுத்தம் செய்து, இரைச்சலில் பாதியை விட்டுவைத்த பதிப்பே மேல் என்பது என் கட்சி. முதல் அரை நிமிடம் உறுத்தும். அப்புறம் காது இரைச்சலை ஒதுக்கிவிட்டு அவரைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. தட்டின் முதல் பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தை ஒட்டி ஒரே டிராக்காகத் தரும் பதிப்புகள் உண்டு. அந்த ஒட்டு எங்கே என்று ஹெட்போனில் கவனியுங்கள். பக்கம் முடியும் இடத்தில் ராகத்தை அந்தரத்தில் விடாமல், ஓர் இடத்தில் இறக்கி வைத்துவிட்டு நிறுத்துவதும் ஒரு கலை. ரசிகர்கள் அந்த நிறுத்தத்தையே தனியாகப் பேசுவார்கள்.

சினிமா, டெல்லி

1940-ல் வந்த ‘காளமேகம்’ படத்தில் கவி காளமேகமாக நடித்தார். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், எம்.எஸ். சுப்புலட்சுமியை வைத்து ‘சகுந்தலை’, ‘மீரா’ எடுத்த அதே டங்கன். சினிமா டி.என்.ஆருக்கு ஒரு கிளைச் சாலைதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

டெல்லி அப்படி இல்லை. 1947 ஆகஸ்ட் 14. சுதந்திரத்துக்கு முந்தைய சாயங்காலம். திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் ஒரு குழு, நேருவிடம் தங்கச் செங்கோல் கொடுக்கப் போகிறது. தம்பிரான், ஓதுவார், கூடவே ஆதீன வித்வான் டி.என்.ஆர். 2023-ல் புதிய நாடாளுமன்றத்தில் வைத்தார்களே, அதே செங்கோல். அது அதிகார மாற்றத்தின் சின்னமா, ஒரு மடம் தந்த மரியாதைப் பரிசா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. அந்த விவாதத்தில் நாகஸ்வரம் காணாமல் போய்விட்டது.

அமெரிக்காவின் ‘டைம்’ வார இதழ் அந்த ஊர்வலத்தை அன்றே வர்ணித்திருக்கிறது. வாசிப்பவர் நூறு கஜத்துக்கு ஒருதரம் நின்று, சாலையிலேயே உட்கார்ந்து, கால் மணி நேரம் வாசித்துவிட்டுத்தான் நகர்ந்தார் என்று அதில் வருகிறது. எழுதியவருக்கு இசை விநோதமாகப் பட்டிருக்கிறது, வாசித்தவர் யாரென்றும் தெரியவில்லை. குழல்காரர் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். நமக்குத் தெரியும்: முச்சந்திக்கு முச்சந்தி நிற்கும் டெல்டா வழக்கத்தை அப்படியே டெல்லிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், நிற்க வைத்து வாசிக்கச் சொன்ன ஊரிலிருந்து போன கலைஞர், தலைநகரின் சாலையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்.

கடைசி வருடங்களும் பிறகும்

பணம் வந்த வேகத்திலேயே போனது. கொடுத்துப் பழகிய கை, நண்பர் கூட்டம், குடி, நிலையில்லாத குடும்ப வாழ்க்கை. அவரை ஆராதிப்பவர்கள் இவற்றை வேடிக்கைக் கதைகளாகச் சொல்வார்கள். கிட்டே இருந்து அனுபவித்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமல் போனால் கல்யாண வீட்டுக்காரருக்கு மட்டும் நஷ்டமில்லை. பக்கத்தில் வாசிக்கும் நாகஸ்வரக்காரர், தவில்காரர், தாளம் போடுகிறவர் எல்லாருக்கும் அன்றைய வரும்படி போச்சு.

1956 டிசம்பர் 12-ல் காலமானார். வயது 58. நாகஸ்வர சக்கரவர்த்தி என்று ஊரே அழைத்தது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி கடைசிவரை வரவில்லை. செம்மங்குடியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் அவருடைய ராக ஆலாபனையைக் கேட்டுத் தங்கள் பாட்டை வளர்த்துக்கொண்டவர்கள். அவர்கள் இருவருக்கும் அந்தப் பட்டம் வந்தது.

சிஷ்யர்களில் பெரிய பெயர் திருநெல்வேலிப் பக்கத்து காருகுறிச்சி அருணாசலம். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சரிக்குச் சரி போகுமே ஒரு நாகஸ்வரம், அது அவருடையது. அந்தப் பாட்டு இன்றைக்கும் பலருக்கு மனப்பாடம், குருவின் பெயர்தான் தெரியாது. அவரும் 1964-ல் 43 வயதிலேயே போய்விட்டார். இன்னும் நாலு வருடம் கழித்து ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது. வாண வேடிக்கை சத்தத்துக்கு நடுவே வாசிக்க மாட்டேன் என்று எழுந்துபோகும் சிக்கல் சண்முகசுந்தரத்தைப் பார்த்ததும் டெல்டாக்காரர்களுக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. படத்தில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஷெர்வானியும் கடுக்கனும் சினிமாவுக்குப் பழகிப்போயின. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம் தவிர மற்ற நேரம் மேளம் வாசிப்பதை யாரும் திரும்பிப் பார்க்காத நிலைமை மட்டும் மாறவில்லை.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போதும் சில குடும்பங்கள் அங்கே கடைந்துகொண்டிருக்கின்றன. சீவாளிக்குக் காவிரி, கொள்ளிடக் கரையில் விளையும் நாணல் வேண்டும். உடலுக்குப் பச்சை மரம் ஆகாது, பல காலம் காய்ந்த ஆச்சா மரம் வேண்டும். அதனால் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று தகவல் வந்தால் ஆசாரிகள் உத்தரத்தையும் தூணையும் பார்த்துவிட்டு வரப் போகிறார்கள். அந்த மாதிரி ஒரு வீட்டுத் திண்ணையில் எப்போதோ அந்தத் தோடி பிளேட்டு சுற்றியிருக்கலாம். அடுத்த பாரி நாகஸ்வரம் அந்த உத்தரத்தில் இருந்தே வரலாம்.